நோட்டீஸ் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்: நிலம், தொழில் பற்றிய வாசகர் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: அரசு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? சில கடிதங்களுக்கு இங்கே பதில்.

சூளகிரி வாசகர்: எங்கள் மாந்தோப்பை சிப்காட்டுக்கு எடுப்பதாக நோட்டீஸ் வந்திருக்கிறது, ஐயா. சொத்து அடிப்படை உரிமைதானே? கோர்ட்டில் தடை வாங்க முடியாதா?

ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இல் வந்த அரசியலமைப்பின் 44-வது திருத்தம் அதை நீக்கிவிட்டது. பெருநிலக்காரர்களை மனதில் வைத்துச் செய்ததன் அடி இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் மேல் விழுந்தது என்பது என் கருத்து. இன்று நமக்கு மிஞ்சியிருப்பது அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு. சட்டத்தின் வழியாக அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது.

சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பொதுவாக தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. மத்திய அரசின் 2013 நிலம் எடுப்புச் சட்டத்தோடு முரண்படுவதால் அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. மாநில அரசு அதே ஆண்டு இன்னொரு சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, பழையதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. எனவே, சட்டமே செல்லாது என்று வாதாடிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

சரி, வழி எங்கே இருக்கிறது? நடைமுறையில். 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 300-ஏ-க்குள் ஏழு உரிமைகள் இருப்பதாகச் சொன்னது. முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், ஆட்சேபனையைக் கேட்க வேண்டும், காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டும், பொது நோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும், காலத்தோடு வேலையை நடத்த வேண்டும், இழுக்காமல் முடிக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கேள்வி கேட்கலாம்.

உங்கள் நோட்டீஸ் 1997 சட்டத்தின் 3(2) பிரிவின் கீழ் வந்திருந்தால், அது நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் நோட்டீஸ். அதில் போட்டிருக்கும் தேதிதான் உங்கள் உயிர்நாடி. ஒரு அம்மா என்னிடம் வந்தபோது நோட்டீஸை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். விரித்துப் பார்த்தால் விசாரணைத் தேதி போய் நான்கு நாள் ஆகியிருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஆட்சேபனை மனுவில் "நிலம் தர விருப்பமில்லை" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். சர்வே நம்பர், கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரம் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் என்ன வயது, பக்கத்தில் தரிசு எங்கே கிடக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டுக்கு 2013 சட்டத்தின் கணக்குதான் பொருந்தும். சந்தை மதிப்போடு மரம், கிணற்றின் மதிப்பைக் கூட்டி, அந்தத் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகையும் தர வேண்டும். மரக் கணக்கில் கோட்டை விட்டால் இரட்டிப்பாக நஷ்டம்.

பர்கூர் வாசகர்: என் பட்டா நிலத்துக்கு அடியில் கருங்கல் இருக்கிறது. அது எனக்குச் சொந்தமா, அரசுக்கா?

நம் மாவட்டத்துக் கல்லுக்கு நீண்ட வழக்கு வரலாறு உண்டு. 1977-இல் தமிழக அரசு கருப்பு கிரானைட் குத்தகையைத் தனியாருக்குத் தருவதில்லை என்று விதி கொண்டுவந்தது. தொழில் செய்யும் சுதந்திரம் பறிபோகிறது என்று குவாரிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981-இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. குத்தகை கிடைத்தே தீர வேண்டும் என்ற உரிமை யாருக்கும் இல்லை என்றது.

ஆனால் 2013-இல் மலபார் நிலங்கள் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: கனிமத்தைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதாலேயே அது அரசின் சொத்தாகிவிடாது, மண்ணுக்கு அடியில் இருப்பதும் பொதுவாக நிலத்துக்காரருடையதுதான். எனக்குப் பிடித்த தீர்ப்பு இது. அதற்காகச் சம்மட்டியை எடுத்துவிடாதீர்கள். உங்கள் பட்டாவில் கனிமம் யாருக்கு என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்களுடையதே ஆனாலும் அனுமதியில்லாமல் வெட்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அப்புறம், கனிம உரிமைக்கு மாநிலம் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்ததால், தமிழ்நாடும் தனிச் சட்டம் போட்டுவிட்டது. குவாரி யோசனை இருந்தால் ராயல்டியோடு அந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பாலக்கோடு வாசகி: எரிவாயுக் குழாய் போகும் இடத்தில் தென்னை வைக்கலாமா?

கூடாதும்மா. 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய்ப் பாதையில் கட்டடம், கிணறு, குளம், மரம் எதுவும் கூடாது. தக்காளி, ராகி போடலாம். இதற்குக் கிடைப்பது சந்தை மதிப்பில் 10 சதவீதமும், பயிர், மரச் சேதத்துக்கான தொகையும். தென்னை வைக்கவே முடியாத இடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

2013-இல் தமிழக அரசு எரிவாயுக் குழாயை வயல்களை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. மத்தியச் சட்டத்தின் கீழ் நடக்கும் வேலையை மாநிலம் நிறுத்த முடியாமல் போனது. உயர் நீதிமன்றத்திலும், 2016-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. தொகை குறைவு என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

அரூர் வாசகர்: அப்பா காலத்தில் எங்கள் நிலத்தில் ரோடு போட்டார்கள். ஒரு பைசா தரவில்லை. இப்போது கேட்கலாமா?

கேளுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68-இல் ரோட்டுக்கு நிலத்தை இழந்த, எழுத்தறிவில்லாத ஒரு விதவைப் பெண்ணுக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வாங்கிக் கொடுத்தது. இத்தனை வருஷம் அனுபவித்ததால் நிலம் அரசுடையது என்று அரசே சொல்ல முடியாது என்றும் கண்டித்தது. அந்தக் காலத்து அடங்கல், பட்டா, புல வரைபட நகல்களைத் தேடி எடுங்கள். அப்பா கையெழுத்துப் போட்டு நிலம் கொடுத்த கடிதம் ஏதாவது அரசிடம் இருக்கிறதா என்பதை தகவல் உரிமை மனு போட்டு முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் வழக்கு வேறு.

கிருஷ்ணகிரி வாசகர்: தள்ளுவண்டியில் மாம்பழம் விற்கிறேன். வண்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

தெருவில் விற்பதும் தொழில் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலையை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, எடுத்த சரக்குக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் சரக்கை, நீங்கள் கேட்டு வந்த அன்றே திருப்பித் தர வேண்டும். மாம்பழம் அந்தக் கணக்கில்தான் வரும். நகராட்சியில் வியாபாரி சான்றிதழ் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை எடுக்க வந்தால் பட்டியல் கேளுங்கள், வாங்காமல் நகராதீர்கள்.