கைநாட்டு போதும், பவர் பத்திரம் வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. கையெழுத்து வராததால் பென்ஷன் எடுக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வங்கியில் "மகன் இல்லையா?" என்கிறார்கள். புரோக்கர் ஒருவர் 15,000 ரூபாய்க்குப் பவர் பத்திரம் (அம்மா சார்பில் நான் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) முடித்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இதற்குப் பவரே தேவையில்லை.

பணம் எடுக்கும் படிவத்தில் அம்மாவின் இடது கட்டைவிரல் ரேகை போதும். அதுவும் முடியாதவர்களுக்குக் கால் பெருவிரல் ரேகையை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. சாட்சிகள் இருவர், ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி, இன்னொருவர் வங்கிக்குத் தெரிந்த வெளியாள். பணத்தை வாங்கப்போவது நீங்கள், ஆகவே சாட்சியாக நிற்காதீர்கள். உங்கள் மாதிரிக் கையெழுத்தை மட்டும் வங்கியில் கொடுங்கள்.

பலர் வீட்டிலேயே ரேகை வைத்துப் படிவத்தைக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறார்கள். அதிகாரி கண்ணெதிரே வைத்தால்தான் அவர் சாட்சி. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரச் சொல்லி 2017-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. டாக்டர் சான்றோடு மேலாளருக்கு எழுதிக் கேளுங்கள். விரலை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, மையில் தொட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டி வையுங்கள். அழுத்தினால் ரேகை அப்பிவிடும்.

நினைவு தப்பியவர்கள் விஷயம் வேறு. புரோக்கர்கள் அதிகம் ஏமாற்றுவதும் அவர்கள் வீட்டாரைத்தான். எழுதிக் கொடுப்பவருக்குச் சித்தம் தெளிவாக இருந்தால்தான் பவர் செல்லும். நல்ல நிலையில் எழுதியிருந்தாலும், பிறகு நினைவு தவறினால் 1872 ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி அது முடிந்துபோகிறது. டிமென்ஷியா (மறதிநோய்) வந்தவரிடம் ரேகை வாங்கிப் பதிந்து கொடுத்துவிட்டுப் புரோக்கர் போய்விடுவார். நாளை உடன்பிறந்தவர்கள் வழக்குப் போட்டால் கூண்டில் நிற்பது பார்த்துக்கொண்ட பெண்தான். நினைவு தப்பியவர்களுக்கு நீதிமன்றம் பாதுகாவலரை நியமிப்பதுதான் வழி.

"மகன் இல்லையா?" என்ற கேள்விக்கு விதியில் இடமே இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கிறார்கள், நாளுக்கு 140 நிமிடம்; ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் சேரும். அரசே எண்ணிச் சொன்ன பிறகும் கவுன்டரில் மகனைத் தேடுவது என்ன நியாயம்?

மேலாளருக்குக் கொடுக்கும் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.