பழைய ஃபிலிம் கேமரா: மார்த்தாண்டம் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ஸ்டுடியோ டார்க் ரூமில், படத்தை நிலைக்கச் செய்யும் மருந்தான ஹைப்போவின் வாசத்தோடு வேலை பழகியவன் நான். முப்பது வருடமாகப் பழைய கேமராக்களைத் திறந்து சரி பார்த்து மூடிக்கொண்டிருக்கிறேன். கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

குழித்துறை: அண்ணா, அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த யாஷிகா எம்எஃப்-2 பரணில் கிடந்தது. பேட்டரி போடும் இடம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. பிழைக்குமா?

பெரும்பாலும் பிழைக்கும் தம்பி. காது குடையும் பட்ஸை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்து அந்தத் தகடுகளைத் துடை. பூத்தது கரைந்து வந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, புது பென்சில் செல் இரண்டு போட்டுப் பார். ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும் மெல்லிய கீச்சொலி கேட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் உறையைக் கழற்றாதே. ஃப்ளாஷ் உள்ள கேமராவுக்குள் இருக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் பிடித்து வைத்திருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அடிக்கும்.

கருங்கல்: தாத்தாவின் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி என்னவோ படர்ந்திருக்கிறது. தோல் உறையில் பத்திரமாகத்தான் வைத்திருந்தோம்.

தோல் உறையில் வைத்ததால்தான் வந்தது. இதை நான் சொல்லாத நாளே கிடையாது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற ஊர் நம்முடையது. கடற்காற்று வேறு. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடும் ஆகும். அதற்குள் கேமராவைப் பூட்டி அலமாரியில் வைப்பது, பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது போலத்தான்.

முதலில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துவாரத்தை, முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று நூல் என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது. நடுவில் பனி படர்ந்தது போல இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளுத்துப் போகும். ஆரம்பத்திலேயே திறந்து துடைத்தால் கண்ணாடி பழையபடி வரும். விட்டுவிட்டால் பூஞ்சை சுரக்கும் அமிலம் மேல் பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியையே அரிக்கும். துடைத்த பிறகும் அந்தக் கோலம் போகாது.

இனி வைக்கும் முறை: காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கட்டும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வாணலியில் மெதுவாக வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம். அரிசி போடாதீர்கள், அதன் தூசி உள்ளே போகும். அந்துருண்டையும் கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் படியும். இதையெல்லாம் விட முக்கியம், மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். வெயிலையும் காற்றையும் பார்க்கிற கேமராவில் பூஞ்சை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது.

பாறசாலை: தங்க முலாம் பூசிய லைக்கா ஒன்று வாங்கியிருக்கிறேன். கழுகு முத்திரையும் 1936 பெர்லின் ஒலிம்பிக் எழுத்தும் இருக்கிறது. அசல்தானா?

இல்லை. சோவியத் நாட்டின் ஃபெட் அல்லது ஸோர்க்கி கேமராவைச் சுரண்டி, முலாம் பூசி, எழுத்து வெட்டியது. லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே மேலே பாருங்கள். தூரம் அளக்கும் கருவியைத் தொடும் கை, அசல் லைக்காவில் உருளும் சக்கரமாக இருக்கும். ஃபெட்டிலும் ஸோர்க்கியிலும் நகம் போல் தட்டையாக இருக்கும். ஆனாலும் அது கேமராதான், நல்ல படம் எடுக்கும். லைக்கா விலை கொடுத்திருந்தால் மட்டும் விற்றவரிடம் பேசுங்கள்.

இரணியல்: யாஷிகா டி ட்வின் லென்ஸ் கேமரா. ஷட்டர் மாட்டிக்கொண்டது. மாமா ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டார். முதல் நாள் ஓடியது, இப்போது அசைவே இல்லை.

மாமா நல்ல மனதோடுதான் செய்திருப்பார். இதே காரியத்தால் வந்த கேமராக்கள் என் மேசையில் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். போன மாதம் ஒன்றைத் திறந்தேன். ஷட்டரின் ஐந்து இதழ்களும் ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சள் பிசின் பூசியது போல இருந்தன. ஊசி முனையால் ஓர் இதழைத் தூக்கினால் அடுத்ததும் கூடவே வந்தது. இந்த மாதிரி ஷட்டரின் இதழ்கள் எண்ணெயே இல்லாமல், உலர்ந்துதான் ஓட வேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. இனி இதழ்களைப் பெட்ரோலிய ஈதரில் பலமுறை கழுவ வேண்டும். வீட்டில் முயல வேண்டாம், அது சட்டென்று தீப்பிடிக்கும்.

களியக்காவிளை: அக்பா கிளிக்-3 வைத்திருக்கிறேன். என்ன விலை போகும்?

பரோடாவில் லட்சக்கணக்கில் செய்த கேமரா அது. ஊரெல்லாம் இருப்பதால் பெரிய விலை கிடைக்காது. விற்க வேண்டாம் என்பது என் யோசனை. 120 ரோல் ஃபிலிம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 6-க்கு 6 சென்டிமீட்டரில் 12 சதுரப் படம் வரும். நல்ல வெயிலில், ஆளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி எடுங்கள்.

அருமனை: ஸோர்க்கி-4 வாங்கினேன். ஸ்பீடு டயலைத் திருப்பினேன், உள்ளே எதுவோ உடைந்த சத்தம்.

ஷட்டரை இழுத்து ஏற்றிய பிறகுதான் ஸ்பீடு டயலைத் தொட வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே இருக்கும் பின் வளையும், உடையும். ஃபெட்டுக்கும் இதே விதிதான். ரஷ்யக் கேமரா வாங்குகிறவர்கள் முதலில் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தக்கலை: சூப்பர் டாகுமார் 50 எம்எம் 1.4 லென்ஸ் வந்தது. கண்ணாடி கட்டன் சாயா நிறத்தில் இருக்கிறது. கதிரியக்கம் உள்ள லென்ஸ் என்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தூக்கி எறியவா?

எறிய வேண்டாம் அம்மா. பயம் நியாயமானது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்தால் ஒளியை நன்றாக வளைக்கும், அதே நேரம் நிறங்களை அதிகம் பிரிக்காது. அதற்காக அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் கலந்தன. சில கண்ணாடிகளில் எடையில் 10 சதவீதத்துக்கு மேலும் உண்டு. அந்தத் தோரியத்தின் கதிர்தான் வருடக்கணக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்கியது. தோரியம் விடும் ஆல்ஃபா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும். காமா கொஞ்சம் வெளியே வரும், ஓர் அடி தள்ளிப் போனால் வெகுவாகக் குறையும். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி தலையணைப் பக்கத்தில் வைக்காதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள், அலமாரியில் வையுங்கள். அவ்வளவு போதும்.

பழுப்பு போக வழி உண்டு. புற ஊதா எல்இடி விளக்கின் கீழே சில நாள் வைத்தால் நிறம் இறங்கும். வெயிலிலும் போகும், ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியை எரிக்கும் என்பதால் அடியில் அலுமினியத் தாள் வைத்து, பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

தோரியம் நமக்கு அந்நியமும் இல்லை. தோரியம் உள்ள மோனசைட் என்ற தாது நம் மணவாளக்குறிச்சி மணலில் இருப்பதை 1909-இல் கண்டுபிடித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் பளீரென்று எரிந்ததும் இதே தோரியம்.

கொல்லம்: கருமணல் பக்கம் வாழ்கிறவர்கள் நாங்கள். கதிரியக்கத்தை நீங்கள் இப்படி லேசாகப் பேசுவது சரியில்லை.

நான் மணலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை சேட்டா. மணலின் தூசியை மனிதர்கள் மூச்சில் இழுக்கிறார்கள், அதன் மேலேயே வீடு கட்டிப் பிறந்து வளர்கிறார்கள். லென்ஸில் இருப்பது கண்ணாடிக்குள் உருகி அடைபட்ட தோரியம், அதுவும் தினம் அரை மணி நேரம் கையில் இருப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. உங்கள் கவலையை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை.

மணவாளக்குறிச்சி: நான் மணல் ஆலையில் வேலை பார்த்தவன். ஒன்றும் ஆகாது என்று நேராகச் சொல்லுங்களேன். என் டாகுமாரின் பின் கண்ணாடியில் கீறல். பாலிஷ் போட்டு எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

அண்ணாச்சி, இதை மட்டும் செய்யவே கூடாது. கண்ணாடி முழுதாக இருக்கும்வரைதான் நான் தக்கலை அம்மாவுக்குச் சொன்னது பொருந்தும். தேய்த்துப் பொடியாக்கினால் தோரியம் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். உடம்புக்கு வெளியே காகிதம் தடுக்கும் ஆல்ஃபா கதிரை உள்ளே தடுக்க எதுவும் இல்லை. கீறல் இருக்கட்டும், கறுப்பு மையால் நிரப்பிவிட்டுப் படம் எடுங்கள்.

கொல்லம் (மறுபடி): அப்படியென்றால் ஆபத்து உண்டு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

உடைத்தால் உண்டு, உடைக்காமல் வைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. இந்தப் பேச்சு தனியாக ஒரு நாள் பேச வேண்டியது. உங்கள் பக்கம் வந்தால் நேரில் உட்கார்ந்து பேசுகிறேன். இன்று மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திங்கள்சந்தை: ஜெனிட்-இ, ஹீலியோஸ் லென்ஸோடு. என்ன விலை?

லென்ஸுக்குத்தான் மதிப்பு. பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நெய்யாற்றின்கரை: கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவப் பார்த்தேன். நெகட்டிவ் திட்டுத்திட்டாக வருகிறது. மருந்து கலந்ததெல்லாம் சரி.

தண்ணீர் எத்தனை டிகிரி என்று நீங்கள் எழுதவில்லை. அங்கேதான் விஷயம். புத்தகத்தில் உள்ள நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. நம் கிணற்றுத் தண்ணீரே 27, 28 இருக்கும். அந்தச் சூட்டில் மருந்து வேகமாக வேலை செய்து நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குள் முடியும் டெவலப்பிங் சமமாக வராது.

இரண்டு வழி உண்டு. மருந்தை நீர்க்கக் கலந்து நேரத்தை நீட்டலாம். இல்ஃபோர்டு எச்பி5 ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். இன்னொரு வழி, பெரிய பேசினில் தண்ணீர் வைத்து, ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்கவிட்டு, மருந்துப் பாட்டில்களையும் டாங்கியையும் அதிலேயே நிறுத்துவது. ஐஸை நேராக மருந்தில் போடாதீர்கள், அளவு கெடும். ஹைப்போவும் கழுவுகிற தண்ணீரும் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். நான் இரவு பத்து மணிக்கு மேல்தான் கழுவுவேன். தண்ணீரும் ஆறியிருக்கும், வீடும் அடங்கியிருக்கும்.

நாகர்கோவில்: மூடிப்போன ஸ்டுடியோவில் இந்து ஃபிலிம் ரோல் ஒன்று கிடைத்தது. போடலாமா?

ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்தது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. கையில் வாங்கியதும் எனக்கு அந்தக் காலம் முழுக்க வந்து நிற்கும். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, என்று கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும், அப்போதும் மூட்டமாகத்தான் வரும். ஒரே ரோல் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றைப் போடுங்கள்.

கொல்லங்கோடு: பழைய ஃபோல்டிங் கேமரா. விலை?

விலைக் கேள்விகளை இனி எடுக்கவில்லை. இன்னும் ஆறு அதே மாதிரி இருக்கின்றன. எல்லோருக்கும் சேர்த்து: ஷட்டர் ஓடுகிறதா, லென்ஸ் தெளிவா, மடிப்புத் துருத்தியான பெல்லோஸில் ஓட்டை உண்டா, இந்த மூன்றும் தெரியாமல் யாராலும் விலை சொல்ல முடியாது.

குலசேகரம்: மீட்டர் இல்லாத கேமரா. ரப்பர் தோட்டத்துக்குள் எடுக்க வேண்டும்.

வெட்டவெளி வெயிலில் 100 ஃபிலிம் என்றால் 125 ஸ்பீடு (ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு), அபெர்ச்சர் 16. இதிலிருந்து கணக்குப் போடுங்கள். ரப்பர் நிழலில் 400 ஃபிலிம் போட்டு 60 ஸ்பீடு, 5.6 வையுங்கள். மாத்தூர் தொட்டிப் பாலத்துத் தூண்களின் நிழலில் நான் அதைவிட ஒரு ஸ்டாப் குறைத்தே எடுப்பேன், வானம் வெளிச்சம் தரும். சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால் தாங்காது.

விளவங்கோடு: பெரியப்பா இறந்து பதினோரு வருடம். அவர் கேமராவை இன்றுதான் எடுத்தேன். எண் 22-இல் நிற்கிறது. உள்ளே ரோல் இருக்கிறது போலிருக்கிறது. திறந்து பார்க்கலாமா?

திறக்காதே மக்கா. கதவில் கையே வைக்காதே. ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகத் திருப்பு. இறுக்கம் தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. உடனே நிறுத்து. பழைய ஃபிலிம் காய்ந்து முறுகியிருக்கும், வேகமாகச் சுற்றினால் கிழியும். நான் டார்க் ரூமில் இருட்டிலேயே கேமராவைத் திறந்து, கையாலேயே எடுத்துக் கழுவித் தருகிறேன். மங்கலாக வரலாம், சிலது வராமலும் போகலாம். கறுப்பு வெள்ளை ரோலாக இருந்தால் எதுவாவது வரும். சனிக்கிழமை கேமராவை அப்படியே துணியில் சுற்றிக் கொண்டு வா. தோல் உறை வேண்டாம்.