45,000 ரூபா கட்டி பாங்காக் போகணுமா? உலக கல்விக் கொள்கையில நம்ம பசங்க பேச என்ன வழி

பி.எட் ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு வாசகி தென்மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல இருந்து கேட்டிருக்காங்க. இன்ஸ்டாகிராம்ல ஒரு விளம்பரம் பார்த்து ஃபார்ம் நிரப்பியிருக்காங்க, ரெண்டே நாள்ல 'சர்வதேச இளைஞர் கல்வி மாநாட்டுக்கு நீங்க தேர்வாகிட்டீங்க'ன்னு மெயில் வந்திருக்கு. பாங்காக்ல 4 நாள், பங்கேற்புக் கட்டணம் 45,000 ரூபா, விமான டிக்கெட் தனி, லெட்டர்ல ஐநாவோட 17 இலக்கு கலர் வட்டம் எல்லாம் இருக்காம். அப்பா நகையை அடகு வைக்கலாமான்னு யோசிக்கிறாராம். "இதுக்குப் போனா கல்விக் கொள்கையில நம்ம கருத்தைச் சொல்ல முடியுமா சார், முடியாதுன்னா எங்கள மாதிரி ஆளுங்க எங்க போய்ச் சொல்றது, எனக்கு இங்கிலீஷும் சரளமா வராது" - இதுதான் கேள்வி.

முதல் பதில், நகையை வைக்காதீங்கம்மா. இந்த மாதிரி கட்டண மாநாடுகள்ல எல்லாமே மோசடின்னு நான் சொல்ல வரல, சிலது நிஜமாவே நடக்கும், ஹோட்டல்ல ஹால் இருக்கும், நாலு நாட்டு பசங்கள பார்ப்பீங்க, கடைசில சர்டிபிகேட் தருவாங்க. ஆனா அங்க பேசினது எந்த நாட்டு அமைச்சகத்துக்கும் போகாது, அந்த மாநாட்டோட தீர்மானத்துக்காக எந்தக் கமிட்டியும் காத்துக்கிட்டு இல்ல. அந்தக் கலர் வட்டத்தை யாரு வேணா போட்டுக்கறாங்க, அது இருக்குன்னா ஐநா நடத்துதுன்னு அர்த்தம் கிடையாது. சந்தேகமா இருந்தா அவங்களுக்கே ஒரு மெயில் போடுங்க: இந்தக் கூட்டத்துல எடுக்கற முடிவு யாருக்குப் போகும், எந்த டிராஃப்ட்ல சேரும், போன வருஷம் அனுப்பினதுக்கு அந்த அமைப்பு என்ன பதில் சொல்லுச்சுன்னு. நேரான பதில் வரலன்னா விட்டுடுங்க. ஐநாவே நடத்தற இளைஞர் கூட்டங்களுக்கு பங்கேற்புக் கட்டணம்னு ஒண்ணு கிடையாது, விசா டிக்கெட் தங்கற செலவுதான் பெரும்பாலும் சொந்தக் கைக்காசு (அதுவே பெரிய அநியாயம்தான், ஏழை நாட்டு பசங்க அங்க குறைச்சலா இருக்கறதுக்கு அது ஒரு முக்கிய காரணம்).

இப்ப ரெண்டாவது கேள்வி, அதுதான் முக்கியமானது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

உலக கல்விக் கொள்கைன்னு நாம சொல்றது ஒரே ஒரு புத்தகம் இல்ல, நாடுகள் உட்கார்ந்து ஒத்துக்கிட்ட நிறைய ஆவணங்கள். 2015 மே மாசம் தென் கொரியாவுல இஞ்சியோன்ல ஒரு பிரகடனம் போட்டாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல நியூயார்க்ல ஐநா நாடுகள் 17 வளர்ச்சி இலக்குகள் ஏத்துக்கிட்டாங்க, அதுல நாலாவது கல்வி, 2030-க்குள்ள முடிக்கணும். அதோட வந்த செயல்திட்டத்துல நாட்டு வருமானத்துல 4-ல இருந்து 6 சதவீதமோ அரசு செலவுல 15-ல இருந்து 20 சதவீதமோ கல்விக்கு ஒதுக்கணும்னு இருக்கு. இந்த ஆவணங்களால மட்டும் எந்த ஊர்லயும் ஸ்கூல் கட்டடம் எழும்பாது, ஆனா அரசு பட்ஜெட் போடும்போது, கடன் கொடுக்கற அமைப்புகள் நிபந்தனை போடும்போது, கோர்ட்ல வக்கீல் வாதாடும்போது அந்த வரிகளைத்தான் காட்டுவாங்க. அதனால அங்க ஒரு வரி சேர்றதும் சேராததும் பெரிய விஷயம்.

அந்த வரி எப்ப சேருது? மாநாடு நடக்கற நாள்ல சேர்றது ரொம்ப ரொம்ப குறைவு. பல மாசம் முன்னாடியே ஜீரோ டிராஃப்ட்னு ஒண்ணு, அதாவது முதல் வரைவு, சுத்துக்கு வரும், ஒவ்வொரு நாட்டு அதிகாரியும் இந்த வார்த்தை வேண்டாம் அந்த வார்த்தை போடுன்னு மல்லுக்கட்டுவாங்க, தலைவர்கள் மேடையேறும்போது பேப்பர் ஏற்கனவே முடிஞ்சிருக்கும். அதனால இளைஞர்கள் டிராஃப்ட் கட்டத்துல உள்ள இருக்கணும். மேடையில ரெண்டு நிமிஷம் பேச விட்டு போட்டோ எடுத்துட்டு அனுப்பினா அது வெறும் அலங்காரம். 1992-லயே யுனிசெஃப் வெளியிட்ட ஒரு கட்டுரையில ரோஜர் ஹார்ட்ங்கறவர் பிள்ளைகளோட பங்கேற்புக்கு 8 படி ஏணி ஒண்ணு போட்டாரு, அதுல கீழ இருக்கற மூணு படியையும், அதாவது பசங்கள ஆட்டுவிக்கறது, அலங்காரத்துக்கு நிறுத்தறது, ஒப்புக்குக் கூப்பிடறது, இதெல்லாம் பங்கேற்பே இல்லன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கும் நிறைய கூட்டம் அந்த மூணு படியிலதான் நிக்குது, எனக்கு அதுல தீராத வருத்தம் உண்டு.

மாணவர்கள் நிஜமாவே ஜெயிச்ச ஒரு கதை சொல்றேன், ஏன்னா எப்படி ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சாதான் நாம என்ன செய்யணும்னு புரியும். 1999 ஜூன்ல இத்தாலியில போலோன்யா நகரத்துல 29 ஐரோப்பிய நாட்டு கல்வி அமைச்சர்கள் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, காலேஜ் டிகிரி எல்லாம் நாடு விட்டு நாடு செல்லுபடியாகற மாதிரி ஒரே அமைப்புக்கு வரணும்னு. அந்த ஆவணம் மாணவர்களைக் கேட்டு எழுதினது இல்ல. மாணவர் சங்கங்கள் வெளிய நின்னு கத்தறதோட விடல. அடுத்த அமைச்சர் கூட்டம் 2001 மே மாசம் பிராக் நகரத்துலன்னு தெரியும், அதனால மார்ச்லயே ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல பல நாட்டு மாணவர் பிரதிநிதிகள் கூடி தங்களோட பிரகடனத்தை எழுதி முடிச்சுட்டாங்க, ரெண்டு மாசம் முன்னாடி, அமைச்சர்கள் பேப்பர் இறுதியாகறதுக்குள்ள. படிப்புங்கறது விக்கற சரக்கு இல்ல, காசில்லாத வீட்டுப் பிள்ளை எப்படி படிக்கும்னு இந்த ஒப்பந்தம் கவலைப்படணும், முடிவெடுக்கற இடத்துல நாங்களும் இருக்கணும், இதுதான் சாரம். பிராக் அறிக்கையில என்ன வந்துச்சு தெரியுமா, மாணவர்கள் நினைவுபடுத்தினபடி இந்த ஒப்பந்தத்தோட சமூகப் பக்கத்தையும் கணக்குல எடுக்கணும்னு அமைச்சர்களே எழுதினாங்க, மாணவர்கள் சொன்னதுங்கறதையும் சேர்த்தே எழுதினாங்க. அதோட இனிமே நடக்கற தொடர் வேலைகள்ல ஐரோப்பிய மாணவர் சங்கத்தையும் (அப்ப அதுக்கு வேற பேரு) கலந்து பேசணும்னு எழுதினாங்க.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். 2005-ல காலேஜ்களோட தரத்தை எப்படி சோதிக்கறதுன்னு ஐரோப்பா முழுக்க பொது விதி எழுதினப்ப, எழுதின நாலு அமைப்புல மாணவர் சங்கமும் ஒண்ணு. சோதனைக் குழுவுல பொருத்தம் பார்த்து மாணவர் உறுப்பினரையும் வெச்சுக்கணும்ங்கறது அந்த விதிகள்லயே வந்துடுச்சு. அதாவது ஒரு யுனிவர்சிட்டிய ஆய்வு பண்ண வர்ற குழுவுல பேராசிரியர்களோட சரிசமமா ஒரு மாணவர் உட்கார்ந்து ஹாஸ்டல் எங்க, லைப்ரரி எத்தனை மணி வரைக்கும்னு கேட்கறாரு, அவர் கேள்விக்கு பதில் சொல்லியே ஆகணும். இவ்வளவும் எப்படி நடந்துச்சுன்னா, அவங்க தனி ஆளா போகல, பின்னாடி நாட்டு வாரியா தேர்தல்ல ஜெயிச்ச சங்கங்கள் இருந்துச்சு, 'நீ யாரு, யாருக்காகப் பேசற'ன்னு எந்த அமைச்சரும் கேட்க முடியல. நம்ம பக்கம் நிறைய காலேஜ்ல மாணவர் தேர்தலே நடக்கறதில்ல, நம்ம குரல் வெளிய போகாம இருக்கறதுக்கு இங்கிலீஷை விட இதுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

உலக அளவுல பெருசா நடந்தது 2022 செப்டம்பர் 16, 17, 19 தேதிகள்ல நியூயார்க்ல ஐநா கூட்டின கல்வி உச்சி மாநாடு. அதுக்கு முன்னாடி 170-க்கும் மேல நாடுகள்ல கிட்டத்தட்ட 5 லட்சம் இளைஞர்கள் கிட்ட கருத்து கேட்டு ஒரு இளைஞர் பிரகடனம் தயாரிச்சு முதல் நாளே பொதுச் செயலாளர் குட்டெரெஸ் கையில கொடுத்தாங்க. 130-க்கும் மேல நாடுகள் தங்களோட உறுதிமொழியைத் தாக்கல் பண்ணுச்சு. அந்தப் பிரகடனம் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது, அது நிஜம். ஆனா அதை ஒரு அத்தாட்சியா பயன்படுத்தலாம், கலெக்டருக்கோ துறைச் செயலருக்கோ மனு எழுதும்போது 'ஐநா மாநாட்டுல இளைஞர்கள் வெச்ச கோரிக்கையில இது இருக்கு'ன்னு ஒரு வரி சேர்த்தா மனுவோட கனமே வேற. நாலாவது இலக்கைக் கண்காணிக்கற யுனெஸ்கோ உயர்மட்டக் கமிட்டியில அமைச்சர்களோட சேர்த்து இளைஞர், மாணவர் பிரதிநிதிகளுக்கும் இப்ப இடம் இருக்கு, அவங்களுக்குப் பின்னாடி ஒரு நெட்வொர்க்கும் இருக்கு, ஆள் எடுக்கும்போது யுனெஸ்கோ தளத்துலயே அறிவிப்பு வரும்.

இலவசமா உள்ள போக இன்னும் வழி இருக்கு. ஐநாவுல குழந்தைகள், இளைஞர்களுக்கான 'மேஜர் குரூப்'னு ஒரு அமைப்பு 1992 ரியோ மாநாட்டுக்கப்புறம் வந்தது, சேர காசு கிடையாது, ஜூலையில நியூயார்க்ல வருஷா வருஷம் நடக்கற இலக்கு ஆய்வுக் கூட்டத்துக்கு முன்னாடி அவங்க அறிக்கைக்கு உறுப்பினர்கள் கிட்ட எழுத்துல கருத்து கேட்பாங்க, வீட்டுல இருந்தே அனுப்பலாம். 2020-ல ஆரம்பிச்ச உலக மாணவர் பேரவைன்னு ஒண்ணும் இருக்கு, ஆனா அது மாணவர் சங்கங்களோட கூட்டமைப்பு, தனி ஆளா சேர்றது கஷ்டம். பக்கத்துல இலங்கையைப் பாருங்க, 2014 மே மாசம் கொழும்புல உலக இளைஞர் மாநாடு நடத்துனாங்க, அதே வருஷம் கடைசில அவங்க முன்னெடுத்த தீர்மானத்தாலதான் ஜூலை 15 உலக இளைஞர் திறன் நாளா ஆச்சு. சின்ன நாடு ஒண்ணு நினைச்சா ஐநா காலண்டர்ல ஒரு நாளையே வாங்க முடியும்.

ஆனா உங்க நிலைமையில நான் இருந்தா முதல்ல நியூயார்க்கைப் பார்க்க மாட்டேன். உலக ஆவணம் கடைசில வந்து விழற இடம் உங்க ஊர் ஸ்கூல்தான். பி.எட்ல டீச்சிங் ப்ராக்டிஸுக்கு ஒரு ஸ்கூலுக்கு வாரக்கணக்குல போவீங்க இல்லையா, அந்த அனுபவம் ஜெனீவால உட்கார்ந்திருக்கற நிபுணர் கிட்ட இல்ல. எட்டாம் வகுப்புல எத்தனை பேர் தமிழ்ப் பாடத்தைத் திக்காம படிக்கறாங்க, பொண்ணுங்களுக்கு டாய்லெட்ல தண்ணி வருதா, எந்த மாசத்துல பசங்க வேலைக்குப் போறதால வருகை குறையுது, இதையெல்லாம் ஹெட்மாஸ்டர் கிட்ட அனுமதி வாங்கி நோட்ல தேதி போட்டு எழுதுங்க. கிடைக்காத தகவலுக்கு 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். நீங்க படிச்ச ஊர் அரசுப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழு எப்ப கூடுதுன்னு கேளுங்க, கல்வி உரிமைச் சட்டப்படி அதுல 75 சதவீதம் பெற்றோர் இருக்கணும், தமிழ்நாட்டுல முன்னாள் மாணவர்களுக்கும் அதுல இடம் கொடுத்திருக்காங்க. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்க ஸ்கூல் பத்தி ஒரு தீர்மானம் போட வெச்சுட்டீங்கன்னா உங்க கையில ஒரு அரசு ஆவணம் வந்துடுச்சு, எந்த சர்வதேச ஃபார்ம்லயும் 'நீங்க என்ன செஞ்சீங்க'ன்னு கேட்கற கட்டத்துக்கு அதை விட நல்ல பதில் கிடையாது.

அடுத்து டிராஃப்ட் வரும்போது விடாதீங்க. தேசிய கல்விக் கொள்கை வரைவு 2019 மே 31-ஆம் தேதி வெளிவந்துச்சு, 484 பக்கம், ஹிந்தி பத்தின வரிக்கு தமிழ்நாட்டுல கிளம்பின எதிர்ப்புல ஜூன் 3-ஆம் தேதியே அந்தப் பத்தியை மாத்திட்டாங்க. கருத்து சொல்ல ஜூலை 31 வரைக்கும் நேரம் கொடுத்தாங்க, மொழி விஷயத்துல கத்தின அளவுக்கு மத்த அத்தியாயங்கள், முக்கியமா ஆசிரியர் பயிற்சி பத்தின அத்தியாயம், அதை நம்ம பி.எட் பசங்க எத்தனை பேர் திறந்து பார்த்தாங்கன்னு எனக்கு ஆதங்கம் உண்டு, ஏன்னா இப்ப டிகிரியும் பி.எட்டும் சேர்ந்த நாலு வருஷ ஒருங்கிணைந்த படிப்புன்னு உங்க டிகிரியையே மாத்தறது அந்த அத்தியாயம்தான். மாநிலத்துலயும் நீதிபதி முருகேசன் தலைமையில 2022-ல குழு போட்டு, 2024 ஜூலை 1 அறிக்கை கொடுத்து, 2025 ஆகஸ்ட் 8 பள்ளிக் கல்விக்கான மாநிலக் கொள்கை வந்துச்சு. ரெண்டு கொள்கையையும் டவுன்லோட் பண்ணி உங்க நோட்ல இருக்கற பிரச்சினை எந்தப் பக்கத்துல வருதுன்னு தேடுங்க, வரலன்னா அதுவே உங்க முதல் கருத்து.

இங்கிலீஷ் பத்தி பயப்படவே வேண்டாம். ஐநாவோட ஆறு அதிகாரபூர்வ மொழியில தமிழ் இல்ல, ஹிந்தியும் இல்ல, உலகத்துல பெரும்பாலான பசங்க இன்னொரு மொழியிலதான் எழுதி அனுப்பறாங்க. முதல்ல தமிழ்லயே ஒரு பக்கம் எழுதுங்க: என்ன பிரச்சினை, எங்க எப்ப பார்த்தீங்க, எந்தக் கொள்கையில எந்த வரியை எப்படி மாத்தணும், யாரு செய்யணும். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். மாத்த வேண்டிய வரியை நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, டிராஃப்ட் எழுதற அதிகாரிக்கு அப்படியே எடுத்துப் போட வசதியா இருக்கும், பிராக் போறதுக்கு முன்னாடி அந்த மாணவர்கள் செஞ்சதும் அதுதான். அப்புறம் இங்கிலீஷ் தெரிஞ்ச ஃபிரெண்ட் கூட உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கலாம், வகுப்புல இன்னும் பத்துப் பேர் கையெழுத்து போட்டா தனி ஆள் கருத்துங்கறது போய் ஒரு குழுவோட கருத்தாகும். ஒண்ணு மட்டும் கண்டிப்பா கவனிங்க, பிள்ளைங்களோட பேரு, போட்டோ, எந்தப் பிள்ளைன்னு கண்டுபிடிக்கற மாதிரி எந்த விவரமும் அந்தப் பக்கத்துல இருக்கக் கூடாது, வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர் கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.