துணையில சந்தேகம் வந்தால்: கேள்வி பதில்

கேள்வி (பரந்தன்): அக்கா, இவர் ஒரு மாதமா ஃபோனைக் கவிட்டு வைக்கிறார். கோல் வந்தால் வளவுக்குள்ள போய்த்தான் கதைக்கிறார். வேற தொடர்போ?

பதில்: ஃபோனை மட்டும் வைச்சுச் சொல்லேலாது தங்கச்சி. வன்னியில கடன்பட்டவையும் இப்பிடித்தான். லோன்காரருக்குக் கிழமைக் காசு பிந்தினவர், அறுவடைக்குத் தாறன் எண்டு உரத்துக்கு வாங்கினவர், சீட்டை எடுத்துப்போட்டுக் கட்டாமல் நிக்கிறவர், எல்லாரும் வளவுக்குள்ளதான் கதைப்பினம். கடன்காரன்ர கோல் பெரும்பாலும் தவணை நாளை ஒட்டி வரும், வைச்ச பிறகு முகம் கறுத்திருக்கும். மூண்டு நாலு கிழமை பொறுத்து, அவற்ற பழைய வழக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒண்டு மட்டும் மாறினால் விடுங்கோ. கணக்கில்லாத செலவு, சொன்ன இடத்தில இல்லாதது, சின்னக் கேள்விக்கும் பாய்ஞ்சு விழுறது, மூண்டும் சேர்ந்தால் இருந்து கதைக்கத்தான் வேணும். அப்பவும் முதல் கேள்வி "கடன் ஏதும் இருக்கோ?"

கேள்வி (மல்லாவி): மனிசி நித்திரையில இருக்கேக்க அவவின்ர விரலை வைச்சு ஃபோனைத் திறக்கலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி. அனுமதியில்லாமல் நுழையிறது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில குற்றம். புருசன் எண்டதால அனுமதி தானா வராது. வட்ஸ்அப்பைக் களவா வேற கருவியில இணைச்சால் அவவின்ர ஃபோனில அந்தப் பட்டியல் தெரியும். இரவு ஒரு மணிக்கு ஒன்லைன் காட்டினதும் சாட்சியில்லை. கட்டாரில அப்ப பத்தரைதான், அங்க சொந்தக்காரர் இருந்தால் அந்த நேரந்தான் கதைப்பினம்.

கேள்வி (முள்ளியவளை): எப்பிடிக் கேக்கிறது?

பதில்: பிள்ளையளும் மாமியும் இல்லாத நேரம், நீங்கள் கண்டதை மட்டும், நாளோட. "வெள்ளி ஏழு மணிக்கு வாறன் எண்டியள், பத்துக்கு வந்தியள், கேட்டதுக்குக் கோவிச்சியள்." "ஆரவள்?" எண்டு தொடங்கினால் சண்டைதான். அயலட்டை சொன்னதை இழுக்க வேண்டாம், "ஆர் சொன்னது?" எண்டு கதை அங்கால போயிடும். அடிப்பார் எண்ட பயமிருந்தால் தனியக் கேக்காதேங்கோ, முதல் 1938க்கு எடுங்கோ, அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

கேள்வி (நெடுங்கேணி): அவர் ஒத்துக்கொண்டிட்டார். இப்ப என்ன செய்ய?

பதில்: முதல் உடம்பு. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில ரெண்டு பேரும் இரத்தம் குடுங்கோ, காசில்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ் ரெண்டும் இப்ப ஒருக்கா, கடைசித் தொடர்பில இருந்து 3 மாதம் கழிய இன்னொருக்கா. வெள்ளெனச் செய்தால் கிருமி இருந்தும் காட்டாமல் போகலாம். அதுவரை ஆணுறை. பொலிசில சொல்லிப் பிரயோசனமில்லை, கள்ளத்தொடர்பு இலங்கையில தண்டனைக் குற்றமில்லை. விவாகரத்துக்கு அது காரணமாகும், ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில நீங்கள்தான் நிரூபிக்க வேணும். செலவுக்குக் காசு தராமல் விட்டால் தாபரிப்புக்கு நீதவான் நீதிமன்றம், விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.