ஓட்டுப் போடாதவருக்கு அபராதம் விதிக்கலாமா?

வேண்டாம் என்பேன். எங்கள் தருமபுரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் 81 சதவீதம் தாண்டி மாநிலத்திலேயே முதலிடம். மத்திய சென்னை 54-ஐக்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் இரண்டு ஊருக்கும் சட்டம் ஒன்றுதான்.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாமல் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மலைக்காரர் "ரோடு போட்டால்தான் ஓட்டு" என்று உட்கார்ந்தால் அவருக்கு அபராதமா?

இன்னொரு பக்கம், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மேஸ்திரியிடம் போய் இந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்களேன்! முந்தின நாள் ராத்திரி ஓசூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வர முடியாதவருக்கு, வேலை பார்க்கும் ஊரிலேயே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட முதலில் வழி செய்யட்டும்.

ஆஸ்திரேலியாவில் 1924 முதல் கட்டாயம்தான், அபராதம் 20 டாலர். ஆனால் அங்கே தேர்தல் சனிக்கிழமை. தபால் ஓட்டு, முன்கூட்டியே போடும் ஓட்டு எல்லாம் உண்டு. இங்கே குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. 2015-ல் உயர் நீதிமன்றமே தடை போட்டுவிட்டது.