முன்னேற முடியாமல் நின்ற படை: 1944, இம்பால், கொஹிமா

கேள்வி: "படையெடுத்து வந்த ராணுவம் பாதி வழியில் முடங்கிவிட்டால், தற்காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு எதிர்த்தாக்குதல் நடத்த அது எப்படி வாய்ப்பாகிறது?"

இதற்கான பதில் எனக்கு ஒரு மலைப்பாதையில்தான் உறைத்தது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் என் பெரியப்பா குடும்பமும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம் அவர் பேத்தியின் காதுகுத்துக்குப் போனேன். இம்பாலில் சுமோ ஏறினால் பலேல் வரை சமவெளி, இருபுறமும் வயல். பலேலைத் தாண்டினால் ஏற்றம்தான். ஷெனாம் கணவாய்ப் பக்கம் மண்சரிவு. இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. எங்களுக்கு முன்னால் அரிசி ஏற்றிவந்த மினி லாரி ஒன்று பின்சக்கரம் சேற்றில் புதைந்து நின்றது. டிரைவரும் கிளீனரும் மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து, வழுக்கி, எழுந்து, மேட்டில் கொண்டுபோய் அடுக்கினார்கள். ஒரு லாரி அரிசிக்கே இந்தப் பாடு. 1944இல் இதே மழையில் இதே கணவாயில் ஒரு ஜப்பானியப் படை மூன்று மாதத்துக்கும் மேல் முட்டிக்கொண்டு நின்றது.

அதனால் அந்தப் போரை வைத்தே சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1944 மார்ச்சில் ஜப்பானின் 15வது படை பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தது. மூன்று டிவிஷன்கள், ஏறத்தாழ 85,000 பேர். தளபதி முத்தகுச்சி ரென்யா. வீரர்கள் சுமந்து வந்த உணவு சுமார் மூன்று வாரத்துக்கு. கூடவே மாடுகளை ஓட்டி வந்தார்கள்; பொதிக்கும் ஆகும், இறைச்சிக்கும் ஆகும் என்பது கணக்கு. அவற்றில் பல ஆற்றிலேயே போயின, மற்றவை மலையில் செத்து விழுந்தன. மூன்று வாரம் கழித்து என்ன சாப்பிடுவது? இம்பாலில் இருக்கும் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து அதில் சாப்பிடுவது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. 1942இல் மலாயாவில் எதிரி விட்டுவிட்டு ஓடிய அரிசியையும் பெட்ரோலையும் வைத்தே அவர்கள் சிங்கப்பூர் வரை போனார்கள். ஒருமுறை பலித்த வழியை மறுபடி நம்பினார்கள்.

நான் சொல்ல வருவதன் மையம் இங்கேதான் இருக்கிறது. படையெடுப்பு என்பது கடன் வாங்கிச் செய்யும் செலவு மாதிரி. இத்தனை நாளில் இந்த இடம் கைக்கு வந்துவிடும், அப்போது அடைத்துவிடலாம் என்று நாளைக் கணக்கிட்டு வாங்கும் கடன். படை நின்றுபோன அன்றிலிருந்து அசல் அப்படியே இருக்க வட்டி ஏறத் தொடங்கும். தற்காப்பவனுக்கும் செலவு உண்டு. ஆனால் அவன் தன் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். நாள் போகப் போக இரு தரப்பின் பலமும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. வாய்ப்பு என்பது அந்த வித்தியாசத்தில் பிறப்பது.

எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ்-இந்திய 14வது படையின் தளபதி வில்லியம் ஸ்லிம். எல்லையில் நின்று சண்டை போடாமல் தன் டிவிஷன்களை இம்பால் சமவெளிக்குப் பின்வாங்கச் செய்வது அவர் திட்டம். சமவெளியில் விமானத்தளங்கள் இருந்தன, டாங்கிகள் ஓட இடம் இருந்தது. ஜப்பானியர் அங்கே வந்து சேரும்போது அவர்களுக்குப் பின்னால் நூறு மைலுக்கு மேல் காடும் மலையும் கிடக்கும்.

திட்டம் அழகாக நடந்தது என்று நினைக்காதீர்கள். பர்மாவில் திட்டிம் பக்கம் இருந்த 17வது இந்திய டிவிஷனைத் திருப்பி அழைப்பதில் தாமதமாகி, அது பாதையில் மறிக்கப்பட்டு, சண்டை போட்டுத்தான் வந்து சேர்ந்தது. திமாப்பூரிலிருந்து இம்பாலுக்கு வரும் சாலையில் இருந்த கொஹிமாவுக்கு, டிவிஷனில் ஒரு பகுதியான ஒரு ரெஜிமென்ட்தான் வர முடியும் என்று ஸ்லிம் கணக்குப் போட்டிருந்தார். சாதோ கோதோகுவின் 31வது டிவிஷன் முழுவதும் வந்தது. இரண்டையும் தன் தவறு என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். தவறைத் தாங்கும் அளவுக்கு அவர் கையில் இருந்தது விமானம். பர்மாவின் மேற்குக் கடற்கரையான அரக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த 5வது இந்திய டிவிஷனை, பீரங்கி, கோவேறு கழுதை உட்பட, மார்ச் 19 முதல் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்கு வேண்டிய விமானங்களை, சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் அமெரிக்கப் பணியிலிருந்து, தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியான மவுண்ட்பேட்டன் திருப்பி விட்டார்.

கொஹிமாவில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து இரண்டு வாரம் சுமார் 1,500 பேர், ஒரு டிவிஷனுக்கு எதிரே, ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன், அசாம் ரெஜிமென்ட், அசாம் ரைபிள்ஸ். நான் அங்கேயும் போயிருக்கிறேன். துணை ஆணையரின் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானம் இப்போது போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஆட்டக் கோடுகளைச் சிமென்ட்டில் வெள்ளையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடந்து பார்த்தேன். முப்பது அடிகூட வைத்திருக்க மாட்டேன். அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு நாள்கணக்கில் ஒருவர்மேல் ஒருவர் கையெறி குண்டு வீசினார்கள். அந்த மைதானத்தைத் தாண்டி, 46 மைல் கீழே, திமாப்பூரில் ரயில் நிலையமும் மைல்கணக்கில் நீண்ட கிடங்குகளும் இருந்தன. சாதோவின் ஆட்கள் பசியாறும் அளவுக்கு, அவர்களுடைய போரே திசை மாறும் அளவுக்கு அங்கே சரக்கு இருந்தது. முத்தகுச்சி அங்கே போகச் சொன்னார். மேலதிகாரி கவாபே தடுத்துவிட்டார்.

ஏப்ரல் 18 அன்று திமாப்பூர் பக்கமிருந்து உதவிப் படை குன்றை எட்டியது. அன்றோடு சாதோவின் படையெடுப்பு முடிந்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் அவர் மே கடைசி வரை அதே மேடுகளில் பதுங்குகுழி தோண்டி உட்கார்ந்திருந்தார். சிந்த்வினைக் கடந்ததிலிருந்து ஒரு தோட்டாகூட, ஒரு மணி அரிசிகூட வரவில்லை என்று மேலிடத்துக்குக் கடுமையாகச் செய்தி அனுப்பினார். வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி, மலேரியா. மே மாதமே மழை இறங்கிவிட்டது. கடைசியில் உத்தரவை மீறித் தன் டிவிஷனைத் திருப்பி நடத்தினார். முத்தகுச்சி தன் மூன்று டிவிஷன் தளபதிகளையுமே பதவியிலிருந்து நீக்கினார்.

இன்னொரு காட்சி. ஜூன் தொடக்கத்தில் கவாபே நேரில் வந்து முத்தகுச்சியைப் பார்த்தார். படையெடுப்பு தோற்றுவிட்டது என்று இருவருக்கும் தெரியும். நிறுத்திவிடலாம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, வாயைத் திறக்க முடியவில்லை, என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன் என்று முத்தகுச்சி பின்னாளில் சொன்னார். கவாபேயும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லி உத்தரவு வர ஜூலை ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் மழையில் கிடந்து செத்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரமாகவே வரும். எதிர்த்தாக்குதல் நடத்துபவனுக்குப் பெரிய உதவி பல நேரம் இதுதான்: நின்றுபோனதை எதிரி ஒப்புக்கொள்ள மாட்டான். பின்வாங்கி நல்ல இடத்தில் நிலை எடுக்கப் பலம் இருக்கும்போது போக மாட்டான். போக முடிவெடுக்கும்போது பலம் இருக்காது.

சரி, அவன் பலவீனமாகிவிட்டான் என்பது மட்டும் போதுமா? போதாது. அடிக்கக் கையில் ஆள் வேண்டும். சாலை அடைபட்டிருந்த முற்றுகைக் காலத்தில் இம்பாலுக்கு விமானத்தில் சுமார் 19,000 டன் சரக்கு இறங்கியது. திரும்பிப் போகும் விமானங்களில் காயம்பட்டவர்களையும், சண்டையில் பங்கில்லாத 43,000 பேரையும் ஏற்றி அனுப்பினார்கள். எனக்கு இந்தத் திரும்பிப் போன விமானங்கள்தான் முக்கியம். சண்டை போடாத ஒவ்வொரு வாயும் குறைந்ததால், சண்டை போடுபவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு எழ முடிந்தது. ஏப்ரல் 13 அன்றே நுங்ஷிகும் என்ற செங்குத்தான மலையின் முகட்டுக்கு டாங்கிகளை ஏற்றி ஜப்பானியரைத் துரத்தினார்கள். டாங்கி அங்கே ஏறும் என்று ஜப்பானியர் எதிர்பார்க்கவில்லை. ஜூன் 22 அன்று கொஹிமாவிலிருந்து வந்தவர்களும் இம்பாலிலிருந்து போனவர்களும் 109வது மைல்கல் அருகே சந்தித்தார்கள், சாலை திறந்தது.

பெரும்பாலான தளபதிகள் இங்கே மூச்சு வாங்கியிருப்பார்கள். மழைக்காலம், சாலை கிடையாது, தன் ஆட்களே மலேரியாவில் விழுகிறார்கள். ஸ்லிம் துரத்தச் சொன்னார். எதிரி நின்று, மூட்டையை இறக்கி, சோறு பொங்கி, தொலைபேசிக் கம்பி இழுக்கும் நேரத்தைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். கிழக்கு ஆப்பிரிக்க வீரர்கள் கபா பள்ளத்தாக்கு வழியே இறங்கி டிசம்பரில் காலேவாவில் சிந்த்வினைக் கடந்தார்கள். அங்கே 1,154 அடி நீளத்துக்கு, துண்டுகளைப் பொருத்திப் போடும் பெய்லி பாலம் போடப்பட்டது. 1945 மார்ச்சில் மெய்க்திலாவும் மண்டலேயும், மே மாதம் ரங்கூனும் விழுந்தன. இம்பாலில் நாசமான அந்த டிவிஷன்களை ஜப்பான் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியவில்லை. அதனால்தான் பர்மா அவ்வளவு வேகமாகக் கைமாறியது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. 1941 டிசம்பர் 5 அன்று மாஸ்கோ வாசலில் உறைந்து நின்ற ஜெர்மானியரை சோவியத் படைகள் அடித்தபோது முதல் ஒரு மாதம் நன்றாகப் பலித்தது. உடனே ஸ்டாலின், ஜனவரியில், முனை முழுவதும் ஒரே நேரத்தில் தாக்கச் சொன்னார். பலம் சிதறியது, மாஸ்கோவுக்கு மேற்கே ரிஷேவ் பக்கம் லட்சக்கணக்கானோர் விழுந்தார்கள். எதிரி வாங்கிய அதே கடனை இப்போது இவர்கள் வாங்கினார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஜப்பானியர் பக்கம் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) வீரர்களும் இருந்தார்கள். நாட்டு விடுதலைக்காக மலை ஏறி வந்தவர்கள். அவர்களைத் தடுத்தவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். "எதிரி முடங்கினான்" என்று நான் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டினியில் அவர்களும் இருந்தார்கள் என்பது நினைவுக்கு வருகிறது. முத்தகுச்சியின் படையில் இறந்தும் காணாமலும் போனவர்கள் சுமார் 30,000 பேர். அவர்களில் சண்டையில் விழுந்தவர்களைவிட நோயிலும் பசியிலும் போனவர்களே அதிகம். பின்வாங்கிய பாதைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'வெள்ளெலும்புச் சாலை'.

அந்தப் பாதைகளில் ஒன்று தாமு வழியாகப் போகிறது. பெரியப்பா வீட்டு மாடியில் நின்றால் பர்மா பக்கத்து மரங்கள் தெரியும்; தாமு நடந்து போகும் தூரம்தான். ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை அங்கே நுழைந்தபோது, எழுந்து நடக்க முடியாதவர்கள் செத்தவர்களோடு சேர்ந்து கிடந்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன் இம்பாலைப் பிடிக்க அந்தத் தாமு வழியாகத்தான் அவர்கள் மேலே போனார்கள்.