மூன்றில் இரண்டு பேர் சேர்ந்தால் போதுமா? – கட்டடத் தொழில் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் மச்சானும் நண்பர் ஒருவரும் சம பங்கு போட்டு, வீடு கட்டித் தரும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். மூவருமே டைரக்டர்கள். இப்போது அவர்கள் இருவரும் கம்பெனி பேரில் 40 சென்ட் வாங்கி, 10 தனி வீடு கட்டி விற்கலாம் என்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை. நான் கையெழுத்துப் போடாவிட்டால் பிளான் அப்ரூவல் நகராது என்று தைரியமாக இருக்கிறேன். சரிதானே?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இல்லை, அந்தத் தைரியம் உதவாது. நிலம் கம்பெனி பேரில் இருந்தால் அனுமதிக்கு விண்ணப்பிப்பது கம்பெனிதான். போர்டு, அதாவது டைரக்டர்கள் குழு போட்ட தீர்மானம் யாருக்கு அதிகாரம் கொடுத்ததோ அவர் போட்ட கையெழுத்தே போதும், போர்டில் இரண்டுக்கு ஒன்று என்றால் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனி ஆரம்பித்தபோது ஆடிட்டர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதில் மெமோரண்டம் (கம்பெனி எதற்காக என்று சொல்வது), ஆர்ட்டிகிள்ஸ் (கம்பெனியை நடத்தும் உள்விதிகள்) என்று இரண்டு ஆவணம் இருக்கும். அவற்றை எடுத்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் மெமோரண்டத்தில் கம்பெனியின் நோக்கம் என்னவென்று பாருங்கள். ‘கட்டட ஒப்பந்தப் பணி’ என்று மட்டும் இருந்தால், நிலம் வாங்கி வீடு கட்டி விற்பது அதில் அடங்காது. நோக்கத்தையே திருத்த வேண்டும். அதற்கு 2013 கம்பெனிகள் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது எதிர்த்து விழும் ஓட்டைப் போல மூன்று மடங்காவது ஆதரவாக விழ வேண்டும். அவர்கள் இரண்டு, நீங்கள் ஒன்று. இரண்டு மடங்குதானே ஆகிறது? தீர்மானம் தோற்றுவிடும். (நிறைய ஆடிட்டர்கள் ‘ரியல் எஸ்டேட் உட்பட’ என்று எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள், அப்படி இருந்தால் இந்த வழி அடைபட்டுவிட்டது.)

ஆர்ட்டிகிள்ஸைத் திருத்தவும் இதே கணக்குத்தான். ஆனால் ஒன்று, கோபித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆர்ட்டிகிள்ஸில் வேறு மாதிரி எழுதாதவரை பிரைவேட் கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு பங்குதாரர் வந்தாலே கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) ஆகிவிடும், வந்து ஓட்டுப் போட்டவர்களின் கணக்குத்தான் எடுபடும். நீங்கள் வீட்டில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அங்கே தீர்மானம் முழு ஆதரவோடு நிறைவேறிவிடும்.

போர்டு கூட்டத்திலும் வாயால் மறுத்தால் போதாது, எந்த டைரக்டர் எதிர்த்தார் என்று மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், பேரோடு பதிவாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 118-ஆவது பிரிவே சொல்கிறது. கேட்டு எழுதி வாங்குங்கள். ஏனென்றால் நாளை விதிமீறல் என்று வந்தால் நீங்கள் எதிர்த்தவர் என்பதற்கு அதுதான் சாட்சி. 40 சென்ட்டில் 10 வீடு என்பது ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவிலிருந்து விலக்குத் தரும் 500 சதுர மீட்டர், 8 வீடு ஆகிய இரண்டு வரம்பையும் தாண்டுகிறது. மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல், பிறகு ரேரா பதிவு, இரண்டும் கைக்கு வரும்முன் விளம்பரமோ முன்பதிவோ கூடாது. பதிவில்லாமல் விற்றால் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். பதிவு செய்த பிறகும், வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்த நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க முடியும், ஒரு சைட் பணத்தை இன்னொரு சைட்டில் இறக்கும் நம்மூர் பழக்கம் அங்கே செல்லாது. இதையெல்லாம் மச்சானிடம் எடுத்துச் சொல்லுங்கள், பாதி ஆசை அங்கேயே இறங்கிவிடும்.

இதைத் தாண்டியும் சேர்ந்தே தொழில் செய்வதானால், ‘நிலம் வாங்க மூவர் சம்மதமும் வேண்டும்’ என்று ஆர்ட்டிகிள்ஸில் ஒரு பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரைவேட் கம்பெனியில் பங்குதாரர் எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும், அதனால் உறவு நன்றாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளருக்கு நாலு சென்ட் மனை. உடனடி அனுமதி கிடைக்கும் என்கிறார்கள். என் பேரில் விண்ணப்பிக்கலாமா?
– மேஸ்திரி, பாலக்கோடு

பதில்: உங்கள் பேரில் வேண்டாம், விண்ணப்பதாரர் மனைக்குச் சொந்தக்காரர்தான். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைத்தான் சொல்கிறீர்கள். 2,500 சதுர அடி, அதாவது சுமார் ஐந்தே முக்கால் சென்ட் வரை மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், அறிமுகமானபோது தரைத்தளமும் முதல் தளமும் மட்டும். நாலு சென்ட் தாராளமாக உள்ளே வரும். ஆன்லைனில் உடனே கிடைப்பதற்குக் காரணம், விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே உறுதி கொடுப்பதுதான். பாதி வேலையில் அவர் வந்து ‘மேலே இன்னும் ஒரு ரூம் போட்டுடுங்க மேஸ்திரி’ என்பார், அங்கேதான் சிக்கலே. அனுமதித்த பிளானுக்கு மேல் கட்டச் சொன்னால் வேலையை நிறுத்துவேன் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மனை அங்கீகாரம் பெற்றதா என்றும் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லா மனைகளுக்குத்தான் 2017 வரன்முறை விதிகள் கைகொடுக்கும்.

கேள்வி: கம்பெனி சீல் இல்லாமல் வாடிக்கையாளர் ஒப்பந்தம் செல்லுமா?
– வாசகி, ஓசூர்

பதில்: செல்லும். 2015 திருத்தத்துக்குப் பிறகு பொது முத்திரை கட்டாயமில்லை. கையெழுத்துப் போடுபவருக்குப் போர்டு தீர்மானம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.